பத்தைக் கழிப்பது யார்

அந்தக் கட்டடத்தில் அவரை அத்தான் என்று கூப்பிடாத ஆளே கிடையாது. உண்மையில் அவர் அங்கே ஒருவனுக்குத்தான் அத்தான். மனைவியின் தம்பி, பிளம்பர், நாலு மாதத்துக்கு முன்னால் அவரைத் தொழில் கற்றுக்கொள்ளக் கூட்டி வந்த முதல் நாளே, "அத்தான், அந்த ரம்பத்தை எடுங்க" என்று மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி கத்தினான். எலக்ட்ரீஷியன் காதில் விழுந்தது, பெயிண்டர் காதில் விழுந்தது, மத்தியானத்துக்குள் வாட்ச்மேன் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. வாட்ச்மேனுக்கு வயது எழுபது. அவரும் "வாங்க அத்தான்" என்றுதான் கேட்டைத் திறக்கிறார்.

அதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம் அவர் ஒரு பெரிய கோடவுனில் சூப்பர்வைசர். கையில் ஒரு அட்டை, காதில் ஒரு பேனா, காலில் சக்கரம். வரிசை வரிசையாக நடந்துகொண்டே, எந்தப் பெட்டி எங்கே போகணும், எதை எடுத்தால் எதற்கு இடம் கிடைக்கும் என்று ஆட்களை விரட்டுகிற வேலை. கோடவுனை மூடியதும் ஆறு மாதம் வீட்டுக்குள்ளேயே நடந்தார். சமையலறையிலிருந்து வாசல், வாசலிலிருந்து சமையலறை. உங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கால் வலிக்குது என்று சொல்லிவிட்டு, மனைவி தம்பிக்குப் போன் போட்டாள். அனுப்பு அக்கா, நான் பார்த்துக்கறேன் என்றான் அவன்.

சிக்கலே அங்கேதான் ஆரம்பம். அவர் கல்யாணத்தன்று மச்சினனுக்கு எட்டு வயது. புதுச்சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றவனுக்கு அப்புறம் சைக்கிள் கற்றுக்கொடுத்தவர் அத்தான். பெருக்கல் வாய்ப்பாடு தப்பாகச் சொன்னதற்காக முதுகில் இரண்டு வைத்தவரும் அத்தான்தான். அப்படிப்பட்ட மனுஷர் இப்போது குழாயைக் கோணலாக வெட்டிக்கொண்டு வந்து நீட்டினால், அவரை எந்த வாயால் திட்டுவது? மச்சினன் திட்டவே இல்லை. கோணலை வாங்கிப் பார்ப்பான், பரவாயில்லை அத்தான் என்பான், அவர் திரும்பினதும் ஓசைப்படாமல் மறுபடி வெட்டிக்கொள்வான். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் அக்காவுக்குப் போன் பண்ணுவான்.

ஆகவே அத்தானுக்குத் தொழில் பாடம் எல்லாம் சாப்பாட்டுத் தட்டில்தான் பரிமாறப்பட்டது. வெட்டின முனையில் இருக்கிற பிசிரைச் சுரண்டி எடுக்கணுமாமே, என்பாள் மனைவி, குழம்பை ஊற்றிக்கொண்டே. சுவருக்குள்ள போற குழாய்க்கு நடுவுல ஒட்டு வரக்கூடாதாமே. மார்க்கர் கோட்டுக்கு வெளிப்பக்கமா ரம்பம் போகணுமாமே. பிளம்பிங் பற்றி அவளுக்கு ஒரு எழவும் தெரியாது. கேட்டதை அப்படியே ஒப்பித்தாள். அத்தானுக்குச் சாப்பாடு தொண்டையில் சிக்கும். ஆனாலும் அந்த "ஆமே"க்களை ஒன்றுவிடாமல் மனசில் முடிந்துகொண்டார்.

அன்றைக்குக் காலையில் வந்தது பாடமில்லை, சேதி. காண்ட்ராக்டருக்குப் புது ஆஸ்பத்திரிக் கட்டட வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை தொடக்கம். மச்சினனுக்கு இடம் உறுதி. அவனோடு வருகிற ஆளைப் பிளம்பர் என்று எழுதுவதா, ஹெல்பர் என்று எழுதுவதா என்பதை மச்சினன் அன்று சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். நான் அவன்கிட்ட கேட்டேன், பார்க்கலாம்கா என்று மென்னு முழுங்கறான், என்றாள் மனைவி. அத்தான் செருப்பை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். பிளம்பர் என்கிற அந்த ஒரு வார்த்தை அவருக்கு வேண்டும். கூலி கூடுதல் என்பதற்காக மட்டும் இல்லை. ஆறு மாதம் வீட்டில் சும்மா நடந்ததை வேறு எதுவும் அழிக்காது என்று அவர் நினைத்தார். நாற்பத்தைந்து வயதில் யாருக்கோ பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறவராக இன்னொரு கட்டடத்துக்குள் நுழைய அவருக்கு மனசில்லை.

இரண்டாம் மாடி வீட்டின் குளியலறையில் அன்று வேலை. சுவரில் வெட்டின காடிக்குள் வெந்நீர்க் குழாயைப் பதிக்க வேண்டும். அதை முடித்துக்கொடுத்தால் இரண்டு மணிக்கு டைல்ஸ்காரர் சுவரை மூடிவிடுவார். டைல்ஸ்காரர் காலையிலேயே வந்து சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சும்மா இருப்பதில் அலாதி ஆனந்தம். வாய் மட்டும் சும்மா இருக்காது.

இங்கே மச்சினனின் டேப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதன் நுனியில் இருக்க வேண்டிய கொக்கி என்றைக்கோ பிய்ந்துவிட்டது. முதல் நாலைந்து சென்டிமீட்டர் எண்களும் தேய்ந்து போயின. புதுசு வாங்கச் சொன்னால், ஓடுற வரைக்கும் ஓடட்டும் என்பான். அதனால் அவன் பூஜ்யத்திலிருந்து அளப்பதில்லை. பத்து என்ற கோட்டை விளிம்பில் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் வருகிற எண்ணை அப்படியே சத்தமாகச் சொல்வான். வெட்டுகிறவர் அதில் பத்தைக் கழித்து வெட்ட வேண்டும். அளக்கிறவன் கழிக்கக் கூடாது, வெட்டுகிறவன்தான் கழிக்கணும் என்பது அவர்கள் இருவருக்கும் இடையில் சட்டம். முதல் இரண்டு மாதம் அத்தான் அந்தப் பத்தை மறந்து மறந்து நீளமாக வெட்டிக்கொண்டு வந்தார். மச்சினன் சிரித்துக்கொண்டே வாங்கி, பத்தைத் தறித்துக்கொள்வான். பத்தைக் கழிக்கணுமாமே என்று தட்டில் வந்து விழுந்த நாளிலிருந்து அத்தான் தூக்கத்தில்கூட கழிப்பார். நடுவில் ஒன்றிரண்டு நாள் தவறியிருக்கலாம். அவருக்கு அது ஞாபகம் இல்லை, மச்சினனுக்கு இருந்தது.

மச்சினன் குளியலறைக்குள் நின்று எண்களைச் சொன்னான். பால்கனியில் நின்ற அத்தான் டைல்ஸ் அட்டைப்பெட்டியின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். நூற்றுப் பன்னிரண்டு. எண்பத்து நாலு. அறுபத்து மூன்று. நூற்று இருபத்தெட்டு. நாற்பத்தாறு. ஐந்து துண்டு, இரண்டு முழுக் குழாயிலிருந்து எடுக்க வேண்டும். எழுதி முடிப்பதற்குள் மச்சினனின் போன் அடித்தது. அவன் திரையைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான், வெட்டிட்டு இருங்க அத்தான், இதோ வந்துட்டேன் என்று மாடிப்படிப் பக்கம் போய்விட்டான். காண்ட்ராக்டர்தான் என்பதைச் சொல்லவா வேண்டும்?

அத்தானுக்குக் கை ஓடவில்லை, கால் மட்டும் ஓடியது. குழாயை வைத்துவிட்டு அறை வாசல் வரைக்கும் போனார். படியிலிருந்து பாதிப் பாதியாகக் குரல் கேட்டது. "அத்தானா... இல்ல சார், அது வந்து... சாயங்காலம் சொல்றேன்." அப்புறம் சிரிப்பு. எதற்கு அந்தச் சிரிப்பு என்று தெரியவில்லை. திரும்பி வந்து ஒரு துண்டை வெட்டினார். மறுபடி வாசலுக்குப் போனார். குழாயைக் காலால் மிதித்துக்கொண்டு நின்று வெட்டுவதற்குப் பதிலாக, ஒரு கால் பால்கனியிலும் ஒரு காது மாடிப்படியிலுமாக வெட்டினார். எண்ணைப் பார்ப்பார், பத்தைக் கழிப்பார், கோடு போடுவார், அறுப்பார். ஒவ்வொன்றிலும் மறக்காமல் கழித்தோம் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஐந்தும் வெட்டி, பிசிரைச் சுரண்டி, பசை போடாமல் சும்மா வைத்துப் பார்க்கலாம் என்று காடிக்குக் கொண்டு போனார். முதல் துண்டின் ஒரு முனை மூலையில் திரும்புகிற எல்போவுக்குள் போய் உட்கார்ந்தது. மறுமுனை அந்தரத்தில் நின்றது. சரி, துண்டு மாறிவிட்டது போல என்று அடுத்ததை வைத்தார். அதுவும் எட்டவில்லை. ஐந்தும் எட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் அப்பால் ஒரு கை அகலத்துக்கு வெறும் சுவர் தெரிந்தது.

பையிலிருந்து தன் டேப்பை எடுத்து, புது டேப், பூஜ்யம் உள்ள டேப், காடியை அளந்தார். எண்பத்து நாலு. அட்டையில் எழுதியிருப்பதும் எண்பத்து நாலு. கையில் இருக்கிற குழாய் எழுபத்து நாலு. இரண்டு தடவை அளந்த பிறகுதான் விஷயம் மண்டையில் ஏறியது. மச்சினன் இன்றைக்குத் தானே பத்தைக் கழித்துவிட்டுச் சொல்லியிருக்கிறான். அதில் இவரும் ஒரு பத்தைக் கழித்திருக்கிறார்.

முதலில் வந்தது வெட்கம் இல்லை, கோபம். இவர் கழிக்க மாட்டார் என்று அவனே முடிவு பண்ணிவிட்டான். அதை வாயைத் திறந்து சொல்லவும் இல்லை. கோபத்துக்குப் பின்னாலேயே பயம் வந்தது. இன்றைக்குப் பார்த்தா இப்படி ஆகணும்? குழாயோடு குழாயை இணைக்கிற கப்ளிங் ஐந்தாறு பையில் கிடக்கிறது. துண்டுகளை ஒட்டுப் போட்டு, அவன் வருவதற்குள் காடிக்குள் வைத்து, மேலே ஒரு பூச்சு பூசினால் யாருக்குத் தெரியும்? அவர் ஒரு கப்ளிங்கை எடுத்துக் கையில் உருட்டினார், பைக்குள் போட்டார், மறுபடி எடுத்தார்.

எனக்குத் தெரியும், என்றார் மூட்டை மேல் இருந்த டைல்ஸ்காரர், யாரும் கேட்காமலேயே.

மச்சினன் உள்ளே வந்தவன் காடியைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு நிமிஷம்தான். அப்புறம் வழக்கமான அந்தச் சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"என் தப்புதான் அத்தான். நான்தான் கழிச்சுச் சொல்லிட்டேன். விடுங்க, கப்ளிங் போட்டுக்கலாம்."

"சுவருக்குள்ள ஒட்டு வரக்கூடாதுன்னு நீதானே சொன்ன?" அத்தான் கொஞ்சம் தயங்கிச் சேர்த்தார். "உங்க அக்காகிட்ட."

மச்சினன் தலையைச் சொறிந்தான். இந்த ஒரு தடவை பரவாயில்லை, நல்லா பசை போட்டா நிக்கும் என்று முணுமுணுத்தான். கழிச்சுட்டேன்னு ஏன் என்கிட்ட சொல்லலை என்று கேட்டார் அத்தான். சொன்னா உங்களுக்கு ஒரு மாதிரி இருக்குமேன்னு நினைச்சேன் என்றான் அவன். இவருக்கு ஒரு மாதிரி இருக்கக் கூடாதுன்னு அஞ்சு குழாய் குட்டையாப் போச்சு, எனக்கு எப்ப சுவர் கிடைக்கும் என்று விசாரித்தார் டைல்ஸ்காரர்.

அத்தான் கப்ளிங்கைத் தூக்கிப் பைக்குள் எறிந்தார். அவர் குரல் உயரவில்லை. கோடவுனில் லாரி கவிழ்ந்த அன்றுகூட உயராத குரல்.

"நாலு மாசமா என் தப்பையெல்லாம் நான் சோத்தோட சேர்த்து முழுங்கறேன். இன்னைக்கு நீ மூஞ்சிக்கு நேரா சொல்லு. என்னென்ன தப்பு? இப்ப, இங்கயே சொல்லு."

"எதுக்கு அத்தான் அதெல்லாம்..."

"சொல்லுடா."

அந்த ஒரு வார்த்தையில் மச்சினனுக்கு மறுபடி எட்டு வயது ஆகிவிட்டது போலிருக்கிறது. வாய்ப்பாடு ஒப்பிக்கிறவன் மாதிரி, சுவரைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தான். முதலில் மெதுவாகத்தான் வந்தது. ரம்பம் சாய்கிறது. எல்போவுக்குள் போகிற ஆழத்தை ஒரு பக்கத்துக்கு மட்டும் சேர்க்கிறீர்கள், மறுபக்கத்தை மறந்துவிடுகிறீர்கள். பசை போட்டுச் சொருகும்போது கால் சுற்றுத் திருப்ப வேண்டும், நீங்கள் குத்துகிறீர்கள். போகப் போக அவனுக்குச் சூடு ஏறியது. மூன்றாவது மாடியில் அந்த அம்மாள் வீட்டில் கசிந்ததே, அது யார் வேலை? ஞாயிற்றுக்கிழமை லீவில் வந்து உடைத்துச் சரிபண்ணினேன், உங்களுக்குத் தெரியுமா? பெண்டாட்டி பிள்ளையோடு வெளியே போகிற நாள் அது. பத்தை மறக்கிறதில்லை என்று நினைக்கிறீர்களா? போன வாரமும் மறந்தீர்கள். கேட்கவும் மாட்டீர்கள். சந்தேகம் வந்தால் கேட்டால் என்ன, தலையா போய்விடும்?

"எல்லாத்துக்கும் காரணம் ஒண்ணுதான். நீங்க நிக்கவே மாட்டேங்கறீங்க. குழாய் மேல கால் வெச்சு, மூச்சைப் பிடிச்சு, ஒரே இடத்துல நின்னு ஒரு துண்டு வெட்டி நான் பார்த்ததே இல்ல. இன்னைக்கு உங்க வெட்டு எல்லாம் சரியா வந்துட்டா, மனசாட்சி உறுத்தாம காண்ட்ராக்டர்கிட்ட சரின்னு சொல்லிடலாம்னு பார்த்தேன். அதுக்குத்தான் நானே கழிச்சேன். போதுமா?"

போதும்தான். அத்தானுக்குக் காது மடல் எரிந்தது. டைல்ஸ்காரர்கூட வாயை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். இன்னொருவர் எதிரில் இவ்வளவு பேச்சை அவர் வாழ்க்கையில் வாங்கியதில்லை. வலித்தது, சந்தேகமில்லை. ஆனால் வலி ஒரே இடத்தில் இருந்தது. நாலு மாதமாக அது எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் உடம்பு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தவருக்கு அது ஒரு விதத்தில் தேவலை.

அவர் கீழே குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். பொறுக்கினதைப் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையில் அடுக்கினார். கோடவுன் கை, அது தானாகச் செய்தது. பக்கத்தில் வெட்டிய குழாய்களின் மிச்சம் இரண்டையும் வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். முழுசாக ஒரு நிமிஷம் அசையவில்லை.

"நூத்து இருபத்தெட்டுதானே பெரிசு? இந்த மிச்சம் நூத்து நாப்பத்தாறு இருக்கு. அதுல வெட்டிடலாம். குட்டையாப் போன நூத்துப் பதினெட்டுல நூத்துப் பன்னண்டு வரும். நூத்தி ரெண்டுல எண்பத்து நாலு. எழுபத்து நாலுல அறுபத்து மூணு. அம்பத்து மூணுல நாப்பத்தாறு." அவர் நிமிர்ந்தார். "எல்லாத்தையும் ஒவ்வொரு படி கீழ இறக்கினா அஞ்சும் கிடைச்சிடும். ஒட்டே வேண்டாம்."

மச்சினன் குழாய்களைப் பார்த்தான், விரலை மடக்கி எண்ணினான், மறுபடி எண்ணினான். அடப்பாவி மனுஷா என்று அவன் வாயில் வந்துவிட்டது. அவனே திடுக்கிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அத்தான் சிரித்தார். ஐந்தையும் அவரே வெட்டினார். மச்சினன் பக்கத்தில் நின்று, ரம்பம் சாயுது, காலை வைங்க, ஆடாதீங்க என்று ஒவ்வொன்றுக்கும் வாய்விட்டுச் சொன்னான். வைத்துப் பார்த்தார்கள். ஐந்தும் எட்டின.

இதற்குப் பிறகு ஒருவன் எப்படி இல்லை என்று சொல்வான் என்று அத்தானுக்குத் தோன்றியது. தோன்றியதில் தப்பில்லை. யாருக்கும் தோன்றும். பசையைத் தடவி முதல் குழாயைச் சொருகி, கால் சுற்றுத் திருப்பி, இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவர் மனசு ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கே போய்விட்டிருந்தது. அப்போதுதான் மச்சினனின் போன் அடித்தது. அவன் இரண்டு கையும் பசை. முழங்கையால் போனைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டான்.

சாயங்காலம் வரைக்கும் என்னால காத்திருக்க முடியாது, பட்டியல் இப்பவே அனுப்பணும் என்றது காண்ட்ராக்டரின் குரல். உங்க அத்தான்தானே, பிளம்பர்னே எழுதிக்கறேன், என்ன இப்போ?

மச்சினன் அத்தானைப் பார்த்தான். இந்தத் தடவை மாடிப்படிக்குப் போகவில்லை.

"வேண்டாம் சார். ஹெல்பர்னே எழுதுங்க. அவருக்கு மூளை இருக்கு, கை இன்னும் வரலை. ரெண்டு மாசம் ஆகட்டும், நானே போன் பண்ணிச் சொல்றேன்."

அத்தானுக்கு அந்த இடத்தை விட்டு எங்கேயாவது போய்விட வேண்டும் போலிருந்தது. பால்கனிக்கு, படிக்கு, தெருவுக்கு, எங்கேயாவது. கால்கள் தயாராகத்தான் இருந்தன. ஆனால் பசை பிடிக்கிற வரைக்கும் குழாயிலிருந்து கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் குழாய் பின்னால் தள்ளிக்கொண்டு வந்துவிடும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தார். கண் கலங்கியதைத் துடைக்கவும் கை இல்லை. மச்சினன் வேறெங்கும் பார்க்காமல் அவர் கையையே பார்த்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றான். அப்புறம், போதும், விடுங்க என்றான்.

விட்டார். குழாய் அசையவில்லை.

இப்போது அவருடைய போன் அடித்தது. மனைவி. விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு எடுத்தார். என்ன சொன்னான் என்று அவள் மூச்சு வாங்கக் கேட்டாள். காலையிலிருந்து அவளும் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்திருப்பாள் போலிருக்கிறது.

"ஹெல்பர்தான். நான் இன்னும் தேறலையாம். என் எதிர்லயே சொன்னான்."

அந்தப் பக்கம் கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"உங்க எதிர்லயேவா? உங்களை வேற ஏதாவது சொன்னானா?"

"நல்லா திட்டினான்."

"உங்களையா? போனை அவன்கிட்ட குடுங்க."

மச்சினன் பயந்துபோய்ப் பசை டப்பாவை மூடினான்.

"குடுக்க மாட்டேன்," என்றார் அத்தான். "நாலு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் வாயைத் திறந்திருக்கான். நீ ஏதாவது சொல்லி மறுபடி மூட வெச்சிடாதே."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு அவர் அடுத்த குழாயை எடுத்தார். டப்பாவைத் திற என்றார்.